கிள்ளாமல் ஒரு வாரம்

லேனி வீட்டு வாசலில் வருஷத்துக்கு இருநூற்று நாற்பது துலிப் பூக்கும். மூன்றாம் நாள் ஒன்றுகூட இருக்காது. ஆடு மாடு மேய்ந்ததும் இல்லை, தெருப்பிள்ளைகள் பறித்ததும் இல்லை. கட்டின புருஷன்தான் தலையைக் கிள்ளிவிடுவான்.

ஆம்ஸ்டர்டாம் பக்கத்து டி ஸில்க் ஊரில் பிறந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அங்கே பயிர் என்றால் மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு. பூ என்பது அந்தக் கிழங்கின் சத்தைத் தின்ன வந்த விருந்தாளி. விரிந்ததும் வயலில் வரிசை வரிசையாக நடந்து பார்ப்பார்கள்: நிறம் சரியா, இதழில் நோய்க்கோடு ஓடுகிறதா, வேறு ஜாதி எதுவும் திருட்டுத்தனமாகக் கலந்திருக்கிறதா. பார்த்தாயிற்றா, விருந்தாளிக்கு விடை கொடுத்துவிடுவார்கள். பேருந்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் மொட்டைத் தண்டுகளைப் பார்த்துவிட்டு, "ஐயோ, யார் செஞ்ச அக்கிரமம் இது!" என்று நெஞ்சில் கைவைப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்குக் காபிக்கடைக்கு வழி காட்டுவார்கள்.

சீம் நாற்பத்தாறு வருஷம் அந்த வயல்களில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. அவனுக்குத்தான் ஓய்வு; அவன் வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் அதை யாரும் சொல்லவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கிள்ளின விரலைப் பற்றி யாரும் ஏன் சொல்லி வைக்கவில்லை என்று லேனி பலமுறை யோசித்திருக்கிறாள்.

ஜூலையில் கிழங்கைத் தோண்டி, மண்ணைத் துடைத்து, கொட்டகையில் வலைப்பையில் தொங்கவிடுவான். நவம்பரில் குளிர் இறங்கியதும் கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்தில் குழி போட்டு நடுவான். ஆழம் பார்க்கக் குச்சியில் கோடு போட்டு வைத்திருந்தான். ஏப்ரலில் பூக்கும். 'டக், டக், டக்' என்று தலைகள் கூடையில் விழும். அப்புறம் இலை தானாக மஞ்சளாகும்வரை ஏழு வாரம் யாரும் கிட்டே போகக்கூடாது. மூன்று நாள் கல்யாணம், ஏழு வாரம் துக்கம். அதுதான் லேனியின் வாசல்.

அவள் அப்பாவும் கிழங்குக்காரர்தான். ஆகவே அறுபத்தாறு வயதாகியும் துலிப் ஒன்று தன் வேரிலேயே நின்று, மலர்ந்து, வாய் பிளந்து, இதழ் இதழாகத் தானாக உதிர்வதை அவள் தன் வீட்டில் பார்த்ததில்லை. கடையில் கட்டுக்கட்டாக வாங்கிக் குவளையில் வைக்கலாம்தான். ஆனால் வெட்டின பூ உதிர்வதும் வேரோடு நிற்கிற பூ உதிர்வதும் ஒன்றா? வெட்டினது சாகிறது. நிற்கிறது வாழ்ந்து முடிக்கிறது. அந்த வாழ்ந்து முடிப்பதைத்தான் அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த ஆசையில் வருஷாவருஷம் எண்ணெய் ஊற்றினவள் அவள் தங்கை பெப். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் கல்யாணமாகி கனடா போனவள். ஒவ்வொரு மே மாதமும் போட்டோ அனுப்புவாள். நீலவேலி ஓரமாகச் சிவப்புத் துலிப் கூட்டம். புல்லெல்லாம் உதிர்ந்த இதழ். கீழே ஒரு வரி: "எங்க வீட்டுல பூ தானா உதிரும்டி." இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. லேனிக்கு அக்கரை சிவப்பு. இக்கரையில்தான் வெறும் பச்சைத் தண்டு.

அந்த பெப் முதல்தடவையாக வசந்தத்தில் வருகிறாள். சனிக்கிழமை காலை விமானம். "உன் வாசல்ல பூ இருக்குமா, இல்ல வழக்கம்போல குச்சியா?" என்று போனில் சிரித்தாள். லேனிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வாசல் நிறைய இருக்கும், வந்து பாரு" என்று சொல்லிவிட்டாள்.

பத்து மணிக் காபியின்போது சீமிடம் விஷயத்தை எடுத்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும் நீ கைவைக்கக் கூடாது."

"எதுல?"

"எதுலன்னு தெரியாத மாதிரி கேக்காதே. நம்ம தோட்டத்துல. ஒரு பூவுலகூட."

சீம் பிஸ்கட்டைக் காபியில் நனைத்தபடி யோசித்தான். "திங்கக்கிழமை விரியும். சனி வரைக்கும்னா ஆறு நாள். ஆறு நாள் பூ நின்னா கிழங்கு இளைச்சுப் போகும், லேனி."

"உன்னைக் கட்டி நாப்பத்துநாலு வருஷமா நானும்தான் இளைச்சுப் போயிருக்கேன். என்னை யார் கேட்டா?"

சீம் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தான். இளைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் பிஸ்கட் டப்பா அவள் பக்கம் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "இதழ் உதிர்ந்து இலை இடுக்குல விழுந்தா அழுகும். அழுகினா இலையெல்லாம் கருகல் புள்ளி வரும். அடுத்த வருஷம் மண்ணே கெட்டுப்போகும்" என்றான்.

"வரட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, லேனிக்கு உள்ளே சுருக்கென்றது. கிழங்குக்காரர் மகள் அல்லவா.

"கை துறுதுறுன்னா என்ன பண்றது?" என்றான் சீம், நிஜமான கவலையோடு.

"தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காரு."

"சரி. சத்தியம்" என்றான். அதன்பிறகுதான் அவனுக்கு இரண்டாவது பிஸ்கட் கிடைத்தது.

திங்கட்கிழமை இருநூற்று நாற்பதும் சொல்லி வைத்தாற்போல விரிந்தன. சீம் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, பல் வலிக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுக்குக்கூட ஒரு கையைத்தான் வெளியே எடுத்தான். லேனிக்கே பாவமாக இருந்தது.

ஆனால் செவ்வாய்க்கிழமை ஆள் மாறிவிட்டான். விடியற்காலை சைக்கிளில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தவன், முகமெல்லாம் தெளிந்து, நான்கு துண்டு ரொட்டி தின்று, சீட்டியடித்தபடி மரச்செருப்பைக் கழுவினான். புதனும் அப்படியே. 'அறுபத்தெட்டு வயசுல மனுஷன் திருந்திட்டானே' என்று லேனி பெருமைப்பட்டாள். தலையாட்டும் பூக்களை நாளுக்குப் பத்துத் தடவை வாசலில் நின்று பார்த்தாள். சில பூக்கள் உள்ளே இருக்கும் கறுப்பு நட்சத்திரம் தெரிகிற அளவுக்கு வாய் திறந்துவிட்டன. இவ்வளவு வயதான துலிப்பை அவள் தன் வாசலில் கண்டதே கிடையாது.

புதன் மத்தியானம் தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் ஒன்று வந்தது. அனுப்பியவன் ஏழாம் எண் வீட்டு மார்ட்டைன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து போன வருஷம் குடிவந்த இளைஞன். கையேடு பார்த்துத் துலிப் நட்டவன். படத்தில் மொட்டைத் தண்டுகள்.

"எல்லாப் பூவும் போச்சு! நேத்து இருந்துது, இன்னைக்குக் காணோம். போலீஸைக் கூப்பிடலாமா?"

எதிர்வீட்டு டீனி உடனே பதில் போட்டாள். திரையில்லாத பெரிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தெருவைக் காவல் காப்பதே டீனியின் உத்தியோகம். ஆனால் எட்டு மணிக்கு முன்னால் அவள் எழுந்திருப்பதில்லை. "கடலோர மணல்மேட்டு மான் வேலை. என்னோடதும் போச்சு."

வரிசையாகக் கொட்டத் தொடங்கின. மூன்றாம் எண், "இங்கயும்." ஒன்பதாம் எண், "இங்கயும்." மார்ட்டைன் மறுபடி கேட்டான்: "மான்னா இலையைத் திங்காதா? இலை அப்படியே இருக்கே."

"வயித்துக் கோளாறு உள்ள மானா இருக்கும்" என்றாள் டீனி.

லேனி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பூவுக்கு நேர் கீழே, ஒரே உயரத்தில், சுத்தமான முறிவு. இலையில் ஒரு கீறல் இல்லை. இந்த ஜாதி மானோடுதான் அவள் நாற்பத்துநாலு வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறாள்.

நேராகக் கொட்டகைக்குப் போனாள். சீமின் சைக்கிளில் இரண்டு பக்கமும் பை தொங்கியது. திறந்தாள். சிவப்பும் மஞ்சளும் ரோஜா நிறமுமாகத் துலிப் தலைகள் வாய்வரை நிறைந்திருந்தன.

"சீம்!"

வந்தான். பையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கொட்டகைக் கூரையைப் பார்த்தான்.

"உன் தோட்டத்துல ஒண்ணுலயும் கைவைக்கல. சத்தியம்னா சத்தியம்."

"அடுத்தவன் தோட்டத்துல வைக்கலாமா?"

"அதுக்குச் சத்தியம் வாங்கலியே நீ."

சீம் நியாயம் பேசத் தொடங்கினான். "மார்ட்டைன் பையனைப் பாரு. கஷ்டப்பட்டு நட்டிருக்கான். பூவை விட்டுவச்சா அடுத்த வருஷம் வெறும் இலைதான் வரும். பாவம், சொல்ல ஆளில்ல. அவன் நல்லதுக்குத்தான் பண்ணினேன்."

"கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாமே!"

"காலைல அஞ்சு மணிக்கு யாரையாவது எழுப்புவாங்களா? மரியாதை இல்ல?"

"மொத்தம் எத்தனை வீடு?"

"பதினொண்ணு."

"தெருவுல இருக்கிறதே பன்னெண்டு வீடுடா!"

சீம் தலையைக் குனிந்தான். பிறகு, எப்படியும் வெளியே வரத்தானே போகிறது என்று நினைத்தானோ என்னவோ, "ரவுண்டானாவும்" என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தான்: "பாதிதான்."

இரண்டு நாள் கதவடைத்துக் கிடந்து, சனிக்கிழமை பெப் வந்து பார்த்த பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் லேனி முதலில் நினைத்தாள். கெட்ட யோசனை என்று தெரியும். ஆனாலும் பூவுக்கு இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. மூன்று நாளில் இதழ் உதிரும். அறுபத்தாறு வருஷம் காத்தவள் மூன்று நாளை விட்டுக்கொடுப்பாளா? வியாழன் முழுக்க வெளியே தலைகாட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டீனியே வந்து கதவைத் தட்டினாள். பின்னால் மார்ட்டைன், கையில் டார்ச்லைட்டோடு. இரவெல்லாம் மானுக்குக் காவல் இருந்தானாம், கண் சிவந்திருந்தது.

டீனி, லேனியின் வாசலை மெதுவாக, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். "அழகா நிக்குது. தெருவுல இங்க மட்டும்தான் நிக்குது. மானுக்குக்கூட ஆள் தெரியுது பாரேன்."

"உங்க வீட்டு முன்னாடி ஏதாவது மருந்து அடிக்கிறீங்களா?" என்று மார்ட்டைன் கள்ளமில்லாமல் கேட்டான். "எனக்கும் சொல்லிக்குடுங்களேன்."

டீனியின் குத்தலை லேனி தாங்கிக்கொண்டிருப்பாள். முப்பது வருஷமாகத் தாங்குகிறவள்தான். அந்தப் பையனின் சிவந்த கண்ணைத்தான் தாங்க முடியவில்லை. வெட்கம் காது நுனிவரை சுட்டது.

"ஒரு மணி நேரம் குடுங்க. நாங்களே வர்றோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே வந்து சீமிடம், "கிள்ளு" என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும். நீளத் தண்டோட, இலையை விட்டுட்டு. வீட்டுக்கு இருபது. கொண்டுபோய்க் குடுத்து மன்னிப்புக் கேக்கப்போறோம்."

சீம் வாசலுக்கு வந்து முதல் பூவின் கழுத்தில் விரலை வைத்தான். அப்படியே நின்றான். நாற்பத்தாறு வருஷத்தில் கோடிக்கணக்கில் முறித்த விரல் நகரவில்லை.

"முடியல லேனி. நீ ஆசைப்பட்டது."

"தள்ளு" என்று சமையலறைக் கத்தியை எடுத்து வந்து அவளே வெட்டினாள். வெட்டும்போது அழுதாள். மறைக்கவும் இல்லை. இருநூற்று நாற்பதும் போன பிறகு வாசல் எப்போதும்போல ஆயிற்று.

பதினொரு வாசலிலும் சீம்தான் பேசினான். மன்னிப்பை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டு, கிழங்குப் பாடத்தைக் கால்மணி நேரம் நடத்தினான். "இலையை வெட்டாதீங்க, முடிச்சுப் போட்டுக் கட்டாதீங்க, மஞ்சளாகட்டும். அடுத்த வருஷம் கிழங்கு இவ்வளவு பெருசு இருக்கும்" என்று கட்டைவிரலைக் காட்டினான். மூன்றாம் எண்காரர் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினார்; பூவை மட்டும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். மார்ட்டைன் கடைசிவரை வாய் பிளந்து கேட்டுவிட்டு, "அப்ப நான் இனிமே நானே கிள்ளிக்கலாமா?" என்றான். சீமுக்கு அந்தப் பையனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியிருக்கும். கை நிறையப் பூ இருந்ததால் பையன் பிழைத்தான். டீனி பூங்கொத்தை மோந்து பார்த்து, "முப்பது வருஷமா எதிர்ல இருக்கோம். எனக்கு ஒரு பூ குடுக்கணும்னா நீங்க தெருவையே மொட்டையடிக்கணுமா?" என்று கேட்டாள். ஆனால் காபி போட்டுக் கொடுத்தாள்.

மிச்சம் இருந்த இருபதை சீம் எடுத்துப்போய் ரவுண்டானா மண்ணில் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்துவிட்டு வந்தான். அது மன்னிப்பா மோசடியா என்று லேனி கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

சாயங்காலம் ஆலங்கட்டி மழை பிடித்தது. ஜன்னலில் சடசடவென்று விழ, "நின்னிருந்தாலும் இப்ப போயிருக்கும்" என்று லேனி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறுதலாக இல்லை. சீம் எங்கோ ஓடி, தொப்பலாக நனைந்து திரும்பி வந்தான். "எங்க போனே?" என்றதற்கு, "கொட்டகைக் கதவு" என்றான்.

மறுநாள் விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது தூறிக்கொண்டிருந்தது. குடையைக் காணோம். வீடெல்லாம் தேடினாள். சீம் காரை முன்னும் பின்னும் நகர்த்துவதில் மும்முரமாக இருந்தான்.

பெப் கொஞ்சம் குட்டையாகியிருந்தாள்; நிறையப் பேசினாள். வழியெல்லாம் பேசினவள், வாசலில் காரைவிட்டு இறங்கியதும் நிறுத்தினாள். தூறல் விட்டிருந்தது. இருநூற்று நாற்பது குட்டைப் பச்சைத் தண்டு, நான்கு வரிசையில், வணக்கம் சொல்வதுபோல நின்றன.

"கிள்ளியாச்சா?" என்றாள் பெப்.

"ஆச்சு" என்றாள் லேனி. "சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சுடு."

பெப் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தாள். "கத்தியால வெட்டியிருக்கு. சீம் வேலை மாதிரி இல்லியே" என்று மட்டும் சொன்னாள்.

"காபியைப் பின்பக்கம் கொண்டு வாங்க" என்றான் சீம்.

கொட்டகைக்குப் பின்னால், குப்பைக்குழிக்கு எதிரே, மூன்று நாற்காலி போட்டிருந்தான். எதிரில் லேனியின் காணாமல் போன குடை ஒரு கம்பத்தில் கட்டப்பட்டிருந்தது. குடைக்குக் கீழே துலிப் ஒன்று நின்றது. ஆரஞ்சும் இல்லாத மஞ்சளும் இல்லாத நிறம். எப்போதோ குப்பையோடு வீசின கிழங்கு. வரிசை தப்பி, ஜாதி தப்பி முளைத்தது. வயலில் இப்படி ஒன்றைக் கண்டால் சீம் பூவைக் கிள்ளமாட்டான். கிழங்கோடு பிடுங்கித் தூர எறிவான். அது அகல விரிந்து, இதழ்கள் தொய்ந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது.

"வேண்டாத ஜாதி" என்றான் சீம், மன்னிப்புக் கேட்கிற குரலில். "திங்கக்கிழமையே பார்த்தேன். சத்தியம் இதுக்கும் சேர்த்துத்தானேன்னு விட்டுவச்சேன். நேத்து கல்மழை பேஞ்சுதா, அதான் குடை."

லேனி அவனைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை மேல் அவளுக்கு அப்போது இருந்த பிரியத்துக்கு அளவில்லை.

மூன்று பேரும் காபி குடித்தார்கள். பிஸ்கட் டப்பா சுற்றி வந்தது. காற்று லேசாக அடித்தது.

ஓர் இதழ் அசைந்தது. சாய்ந்தது. சத்தமே இல்லாமல் கழன்று, நேராகக் கீழே போய், இலை இடுக்கில் உட்கார்ந்தது.

மூன்று கைகள் ஒரே சமயத்தில் பாய்ந்தன. முதலில் போய்ச் சேர்ந்தது பெப்பின் கை.

"ஏய்!" என்றாள் லேனி. "உங்க வீட்டுல தானா உதிரும்ல? உனக்கென்னடி அவசரம்?"

பெப்பின் கை அந்தரத்தில் நின்றது. "இலை இடுக்குல விழுந்துதே... அழுகிடாது?"

"அப்ப அந்த போட்டோ?"

பெப் காபிக் கோப்பைக்குள் பார்த்தாள். "நீலவேலி பக்கத்து வீட்டுக்காரியோடதுடி. என்னோடதை நான் ரெண்டாம் நாளே கிள்ளிடுவேன். முப்பத்தெட்டு வருஷமா அந்தத் தெருவுல எனக்குப் பைத்தியக்காரின்னு பேரு."

சீம் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறியது. இருமி முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் மறுபடி இதழை நோக்கிக் குனிந்தான். லேனி அவன் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். பெப் கையிலும் ஒன்று வைத்தாள்.

"யாரும் தொடக்கூடாது. கிடக்கட்டும்."

"அழுகும் லேனி."

"அழுகட்டும்."

இரண்டாவது இதழ் விழுந்தது. அதுவும் சரியாக அதே இடுக்கில் போய் விழுந்தது. லேனி அந்த இரண்டு இதழையும் பார்த்தாள். ஈர இலை மேல் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தொடங்கியிருந்ததா, இல்லை அவள் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிந்ததா? விரல்நுனியில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது.

மெதுவாக இரண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பெப் பார்த்துவிட்டுத் தன் கைகளையும் வைத்துக்கொண்டாள். சீமுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மூன்றாவது இதழ் விழும்வரை மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.